கத்தகானாவில் அப்பா பெயர்

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். வெளிநாட்டுப் பெயர்களை எழுத அங்கே கத்தகானா என்று தனி எழுத்து உண்டு. விண்ணப்பத்தில் எல்லார் பெயரையும் அதில் எழுதித்தருவது என் வேலை. எழுதி எழுதி, பெயருக்குப் பின்னால் ஆள் இருப்பதே மறந்துபோகும்.

அப்படி ஒரு சாயங்காலம், பரவையிலிருந்து வரும் நர்ஸ் பெண் கேட்டாள்: "மேடம், அப்பா பேரை விட்டுட்டு எழுத முடியாதா?"

இங்கே இனிஷியலாக இருக்கும் அப்பா, பாஸ்போர்ட்டில் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் ஆகிவிடுவார். ஜப்பானில் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"பாஸ்போர்ட்ல உள்ளதைத்தாம்மா எழுதணும்," என்றேன். அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் ஜப்பானியப் பெயர்கள் பாடம். ஒரே ஒலியுள்ள பெயரை ஒரு வீட்டில் வசந்தம் என்ற எழுத்தால் எழுதுவார்கள், இன்னொரு வீட்டில் வெயில் என்ற எழுத்தால். பெற்றவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுப்பது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்: "பெத்தவங்க பிரிஞ்சுட்டா மேடம்?"

"அங்க கோர்ட்ல கேட்டு அம்மா குடும்பப் பேருக்கு மாத்திக்கலாம்."

நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏன் கேட்கிறாள் என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

ஜப்பானுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள்.

"நான் மூணாவது படிக்கையில விட்டுட்டுப் போன ஆளு மேடம். எங்கம்மா மார்க்கெட்ல காய் வித்துத்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. இங்க பேட்ஜ்ல அந்தாளு பேருதான் இருக்கு. ஒரு நாளைக்கு எம்புட்டுத் தடவ கூப்பிடுறாங்க தெரியுமா? அம்புட்டுக்கும் நான் திரும்பிப் பாக்கணும்."

குரல் உடையவில்லை. களைத்திருந்தது.

அன்றே அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு மெயில் எழுதினேன். மற்ற தாள்களில் இருப்பது இருக்கட்டும், பேட்ஜில் மட்டும் அவளுடைய சொந்தப் பெயரைப் போட முடியுமா? மறுநாளே பதில் வந்தது: தாராளமாக, எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

அவள் பெயரில் 'ழி' இருந்தது. அதற்கு அங்கே எழுத்து இல்லை, 'ரி' என்றுதான் வரும். அவளிடம் சொன்னேன்.

"பரவால்ல மேடம். என் பேருதான?"

புது பேட்ஜைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் எழுதிய மெயில் ஐந்தே வரி. பேட்ஜில் எந்தப் பெயரையும் போடச் சொல்லிக் கேட்கலாம் என்பது எனக்கு முன்பே தெரியும். அவள் கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அலுப்பில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.