நடுக்கோட்டுக்கு நேரே இரண்டு நாற்காலிகள்

எழுபதுகளின் கடைசியில் நானும் என் கணவரும் பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மதுரையில் எங்களுக்கென்று சொல்லிக்கொள்ள இரண்டே இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. அதுவும் வருடத்தில் பத்து நாள். கோடை விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஹாக்கிப் போட்டி நடக்கும். மூன்று பக்கமும் சவுக்குக் கம்பு நட்டுப் பலகை அடித்த காலரி. நான்காவது பக்கத்தில் மடக்கு நாற்காலிகள். அதில் நடுக்கோட்டுக்கு நேரே இரண்டாவது வரிசையில் இருந்தவை எங்களுடையவை. பத்து நாளுக்கும் சேர்த்து சீசன் டிக்கெட் வாங்கிவிடுவோம். தினமும் வாசலில் அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே விடுவார்கள்.

என் கணவர் ஹாக்கி மட்டையைக் கையில் தொட்டவர் இல்லை. பார்ப்பதோடு சரி. நான்தான் பள்ளிக்கூட டீமில் லெப்ட் அவுட். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர் தயங்கித் தயங்கி, "எந்தப் பொசிசன்ல ஆடுவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே கழுத்தை நீட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன். மைதானத்தில் அவர் வாய் திறக்க மாட்டார். நான் நடுவரைத் திட்டுவேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தால் அவர்களையும் சேர்த்துத் திட்டுவேன்.

சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவருடைய சிநேகிதர் ஒருவரிடம் இருந்தது. இருவருக்கும் ஒரே மில் ஆபீசில் வேலை. அவர் இவரை மாப்ள என்பார், என்னைத் தங்கச்சி என்பார். எனக்கு அவர் அண்ணன். போட்டி தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நீளமான ஒரு நோட்டுடன் சைக்கிளில் வீடு வீடாக வருவார். பழைய ஆட்கள் வேண்டும் என்று சொன்னால் அதே நாற்காலி. ஒரு வருடம் விட்டால் போச்சு, காத்திருக்கும் வேறு ஆளுக்குப் போய்விடும். இரண்டே காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது அம்மை வந்திருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நாற்காலியை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பார்கள். அது எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

நான் சொல்லும் வருடத்தில் மாசியிலேயே அம்மை தொடங்கிவிட்டது. பங்குனியில் தெருவுக்கு நாலு வீட்டில் வேப்பிலை. சித்திரையில் எந்த வீட்டில் இல்லை என்று எண்ணுவது சுலபமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொரிந்துகொண்டால் அடுத்தவர் எழுந்து நின்றார். சினிமாக் கொட்டகையில் பகல் காட்சிக்குப் பாதி பெஞ்சு காலி. ஹாக்கிப் போட்டி இந்த வருடம் நடக்குமா என்பதே பேச்சாக இருந்தது. பழைய சீசன் ஆட்கள் பாதிப்பேருக்கு மேல் வேண்டும் என்று சொன்னால் நடத்துவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று கமிட்டியில் முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் இந்தத் தடவை ஒரு வாரம் முன்பே தொடங்கிக் கால் தேய அலைந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு மட்டும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்தச் சமயத்தில் நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாவது மாதம். இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் தங்கவில்லை. லேடி டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாசமெல்லாம் கூட்டம் கூடுற எடத்துக்குப் போகக் கூடாது. அம்மை வந்துட்டா வயித்துல இருக்குறதுக்கு ஆகாது" என்றார். அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இதைக் கேட்கிறவர்கள், அப்படியானால் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்பார்கள். சொல்லலாம். ஏன் என்று அண்ணன் கேட்பாரே? முந்தின இரண்டு முறையும் தெரிந்த உடனே ஊருக்கே சொன்னோம். பிறகு ஒவ்வொருவரிடமும் போய், இல்லை, போய்விட்டது என்றும் நாங்களேதான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவருக்கு நான் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஐந்து மாதம் முடியாமல் இந்த முறை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

என் கணவர் ஒரு வழி சொன்னார். "டிக்கெட்ட வாங்கிப்போடுவோம். போகாம இருந்துக்கிருவோம்."

"அட்டை வீட்ல இருந்தா நான் போயிருவேன்" என்றேன். உண்மை அது. என்னை எனக்குத் தெரியும். முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். நாலாம் நாள் கோவில்பட்டி டீம் ஆடுகிறது என்று பேப்பரில் பார்த்தால், ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகிவிடும் என்று புடவையை மாற்றிக்கொண்டு நிற்பேன்.

"அப்ப வேணாம்னு சொல்லிருவோம்" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

அவர் சொல்ல மாட்டார். கடையில் துணி பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாமல் பிடிக்காத சட்டையை வாங்கிக்கொண்டு வருகிற மனிதர். அலைந்து திரிந்து பெயர் சேர்த்துக்கொண்டிருக்கும் சிநேகிதரிடம் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரா? ஒரு வாரம் இதையே பேசினோம். நான் எரிந்து விழுவேன், அவர் சரி சரி என்பார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தேன். கொல்லைப்பக்கத்து வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்தேன். வாசல் நிலையில் சொருகினேன். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் நிலையில் வேப்பிலை இருந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வா என்றும் கூப்பிடக் கூடாது, போயிட்டு வாரேன் என்றும் சொல்லக் கூடாது. கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள், அவள் தானாக இறங்க வேண்டும்.

வாசலைப் பார்த்த என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன காரியம் பண்ணிருக்க? ஆத்தா கூடயா வெளையாடுறது?"

"அவரு வந்தா நேரா நின்னு வேணாம்னு சொல்லுவீங்களா? சொல்லுங்க, இப்பவே பிடுங்கிர்றேன்."

அவர் உள்ளே போய்விட்டார். நானும் சமையலைப் பார்க்கப் போனேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் கோபத்தில் இருக்கும்போது பயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

பதினோரு மணிக்குச் சைக்கிள் வந்தது. ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்தேன். அண்ணன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியருகே வந்தார். வேப்பிலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். மணிகூட அடிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒரு பொய்யை நிலையில் சொருகிவிட்டால் அது அங்கேயே நிற்பதில்லை. அம்மை வீட்டுக்காரர் மில்லுக்குப் போகக் கூடாதே! கல்லுக் குண்டாட்டம் இருந்த என் கணவர் உள்ளறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். ஆபீசில் லீவுக்கு அண்ணனே சொல்லிவிட்டதாக எதிர்வீட்டு வாத்தியார் தெருவின் அந்தப் பக்கம் நின்று சொன்னார். மறுநாள் விடிந்ததும் வாசல்படியில் ஒரு குலை இளநீர். அண்ணன் வைத்துவிட்டுப் போனது. வீட்டில் சவரம் கிடையாது, தாளிப்பு கிடையாது. தாடி முளைத்து, உப்பில்லாக் கஞ்சி குடித்து, நாலாம் நாள் என் கணவர் நிஜமாகவே நோயாளி மாதிரி ஆகிவிட்டார். தினமும் காலையில் அவரைத் திருப்பிப் படுக்கச் சொல்லி முதுகில் ஏதாவது கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு என் கைகளைப் பார்ப்பேன். பிறகு வயிற்றைத் தொட்டுக்கொண்டு, நான் செய்ததற்கு இதைப் பிடித்துக்கொள்ளாதே தாயே என்று கேட்பேன். அதுவரை நான் அப்படியொன்றும் பக்தியுள்ளவள் இல்லை.

போட்டி எப்படியோ தொடங்கிவிட்டது. பாதிப்பேர் சேர்ந்துவிட்டார்கள் போல. கூட்டம் முதலில் குறைவு, பிறகு நிறைந்துவிட்டது. ஆசைக்கு முன்னால் அம்மையாவது ஒன்றாவது! என்னைப் போன்றவர்கள்தானே எல்லோரும். எதிர்வீட்டு வாத்தியார் தினமும் போனார். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, தன் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"அம்மா, ஒங்க சேர் ரெண்டும் அப்படியே கெடக்குங்க. ஒங்க சிநேகிதரு துண்டப் போட்டு வச்சிருக்காரு. யாரையும் உக்கார விட மாட்டேங்குறாரு."

எனக்குப் புரியவில்லை. விலக்கு என்றால் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதுதான் வழக்கம். இந்த வருடம் அதில் யாராவது உட்காரத்தானே செய்வார்கள்?

"'மாப்ள வீட்ல ஆத்தா வந்திருக்கா, பைனலுக்குள்ள மூணாந்தண்ணி ஊத்திட்டு வந்துருவாக'ன்னு எல்லார்ட்டயும் சொல்றாருங்க. நேத்து ஒரு ஆளு துண்டத் தூக்கிப்போட்டு உக்காந்துட்டான். அம்புட்டுச் சண்டை!"

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அழுதேன். என் கணவர் பாயில் எழுந்து உட்கார்ந்து, "போயிச் சொல்லிருவோமா?" என்றார். எதைச் சொல்வது? வேப்பிலை பொய் என்றால் ஏன் என்று கேட்பார். பிள்ளை என்றால், இன்னும் இரண்டு மாதம் தாங்குமா என்று எனக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தோம். பைனல் அன்றைக்கும் அந்த இரண்டு நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன என்று வாத்தியார் சொன்னார்.

ஒன்றுமில்லாத உடம்புக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை முறையாக மூன்று தடவை ஊற்றினோம். மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினேன். அம்மை எங்களில் யாருக்கும் வரவில்லை. ஐந்தாம் மாதம் முடிந்து அண்ணனிடம் சொன்னபோது அவர், "நல்லது தங்கச்சி, நல்லது" என்று இரண்டு தடவை சொன்னார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கார்த்திகையில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு அல்வாப் பொட்டலத்துடன் முதலில் வந்தவர் அவர்தான். அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தொட்டில் போட்ட அன்று சொல்லலாம் என்று நினைத்தேன். பொங்கலன்றும் நினைத்தேன். அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், குழந்தையைத் தூக்கிக்கொள்வார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். முன்பெல்லாம் அவரிடம் வாய்க்கு வாய் பேசுகிறவள், அந்த வருடம் முழுக்க அவர் கண்ணைப் பார்க்காமல் காபி கொடுத்தேன்.

மறு கோடையில் அதே ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் நோட்டைக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்தார். என் மடியில் ஆறு மாதக் குழந்தை. என் கணவர் அடுப்படி வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நோட்டைத் திறக்கும் முன்னால், மடியைப் பார்த்துக்கொண்டே நான் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, போன வருசம் எங்க வீட்ல அம்மை வரலண்ணே. நான்தான் வேப்பிலையச் சொருகுனேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "தெரியும் தங்கச்சி" என்றார்.

"தெரியுமா?"

"ஆத்தா வந்த வீட்ல ஆட்டுக்கறி தாளிப்பாகளா? அன்னைக்குத் தெருமுனையிலயே மணந்துச்சு. ஞாயித்துக்கெழம ஆச்சேன்னு நீ பாட்டுக்குக் கறிக்கொழம்பு வச்சிருக்க."

கோபத்தில் வேப்பிலையைச் சொருகிவிட்டு, பழக்கத்தில் கறியை வாங்கி அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். என் கணவரும் அதை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏண்ணே கதவத் தட்டல?"

"தட்டுனா நீ வெளிய வந்து என்கிட்ட ஒரு பொய்யச் சொல்லணும். சொல்லிட்டு அப்பறம் என் மொகத்த எப்பிடிப் பாப்ப? காரணம் இல்லாம நீ ஹாக்கிய விடுற ஆளா? என்னவோ இருக்குன்னு திரும்பிட்டேன்."

"அப்பறம் சேரை எதுக்குக் காவல் காத்தீக?"

"மூணாந்தண்ணி ஊத்திட்டு நீங்க வருவீகன்னு நம்புறவனாட்டம் நான் இருந்தாத்தான, ஒங்க வீட்ல அம்மைன்னு மத்தவனும் நம்புவான்?"

அவர் நோட்டைப் பிரித்து எங்கள் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "சரி, இந்த வருசம் என்ன?"

எங்களுக்கு எப்படியும் இந்த வருடம் முடியாது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும், வெயில் ஆகாது. அதைவிட, எனக்குப் போக வேண்டும் என்றே தோன்றவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். எப்போதும் போல நான்தான் சொல்ல வேண்டும்.

"வேணாம்ணே. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

"சரி தங்கச்சி" என்று இரண்டு பெயரையும் ஒரே கோடாக அடித்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த 'வேணாம்ணே'தான் ஒரு வருடம் கழித்து அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பேச்சு.