கலியாணத்துக்குப் பிறகு வந்த பாட்டு நிகழ்ச்சி

சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரம்பெட்டுகள் ஒன்றாக எழும்பினால் பிளேஸ்டோவில் ஞாயிறு பின்னேரம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுத் தனாகா, கப்பல் கொம்பனியில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற யப்பானியர், தன் இளமைக்காலப் பாட்டு நிகழ்ச்சிகளைப் பழைய வீடியோ டெக்கில் போட்டுவிட்டார். மினுங்கும் சட்டைக்காரர்கள் படிக்கட்டில் இறங்கி இறங்கிப் பாடுவார்கள். நடுவில் ஒரு கோமாளி தடுக்கி விழுவான். லண்டன் மழைக்குள் இருந்தபடி, தோக்கியோவின் பழைய சிரிப்பொலிக்கு ஒரு யாழ்ப்பாணத்தான் ஏங்குவது கொஞ்சம் கூத்துத்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு எனக்குப் பழக்கமானது.

அக்காவுக்கு அமெரிக்காவில் கலியாணம் நடந்தபோது வீட்டார் ஒருவரும் போகவில்லை. வீடியோ கசெற்தான் வந்தது. தொலைக்காட்சி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்குப் பிடித்தோம். முற்றம் நிறைய ஊர் வந்து இருந்தது. அமெரிக்கக் கசெற் எங்கள் டெக்கில் ஒழுங்காக ஓடாது என்று யாருக்குத் தெரியும்? நிறமில்லாமல், நடுங்கி நடுங்கி, அக்காவின் கழுத்தில் தாலி ஏறியது. பிறகு அவள் கமெராவைப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஜெனரேற்றர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"எண்ணெய் முடியப்போகுது, முன்னுக்கு ஓட்டுங்கோடா!" என்று மாமா கத்தினார். "பொம்பிளை அழுகிறதைப் பார்க்க அமெரிக்காக் கசெற் வேணுமே?"

ஓட்டினார்கள். கலியாணம் முடிந்த இடத்தில் அமெரிக்கப் பாட்டு நிகழ்ச்சி ஒன்று வந்தது. அதே படிக்கட்டு, அதே ட்ரம்பெட். புதுக் கசெற் வாங்க மனமில்லாமல் அத்தான் பழையதில் பதிந்துவிட்டார் என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டு, நிகழ்ச்சியைத் திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தது.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அம்மா அந்தக் கசெற்றைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு போனாள். கடைசியில் அது என்னோடு இங்கே வந்தது. போன மாரியில் அக்கா இறந்ததிலிருந்து, அன்று அவள் என்னதான் சொன்னாள் என்ற கேள்வி என்னை இருக்கவிடவில்லை. என் இங்கிலாந்து டெக்கும் ஊர் டெக்கின் இனம்தான், அதே நடுக்கம், பேச்சும் இழுபட்டு விளங்கவில்லை. "அமெரிக்கக் கசெற் என்றால் என் டெக்கில் ஓடும். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வீடியோ முறை," என்றார் தனாகா வேலிக்கு மேலால். ஆனால் அவர் மறுநாளே புறப்படுகிறார். இனி ஒசாகாவில், மகளோடு.

அன்றிரவே அவர் வீட்டில், கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவில் இருந்து பார்த்தோம். அக்காவின் கூறைச்சேலை சிவப்பாக இருந்தது. சிவப்பாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் திடுக்கிட்டேன். தனாகா மணவறையைப் பார்த்து, "நல்ல மேடை. பாடகர் எப்போது வருவார்?" என்றார். ஐயரைக் காட்டினேன். கெட்டிமேளம் முழங்கியதும் பண்போடு கைதட்டினார்.

அக்கா பேசினாள்.

"அம்மா, அழாதேங்கோ. இது முடிய ஒரு பாட்டு நிகழ்ச்சி வரும். அழிக்கவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். இங்க வந்த நாளிலை இருந்து எனக்கு அதுதான் துணை. ஒண்டும் விளங்காது. ஆனா முடியேக்கை அந்த மனிசன் அடுத்த கிழமையும் வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறவர். அது மட்டும் விளங்கும். நீங்களும் பாருங்கோ, என்ன?"

எதைப் பார்க்கச் சொன்னாளோ, அதைப் பார்க்கத்தான் ஊர் அவளை ஓட்டிக் கடந்திருக்கிறது.

"அந்தப் பெண் என்ன சொன்னார்?" என்று தனாகா கேட்டார்.

"அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார்," என்றேன்.

ட்ரம்பெட்டுகள் எழும்பின. "எங்கள் படிக்கட்டு!" என்று அவர் துள்ளினார். கடைசியில் அறிவிப்பாளர் கைகளை விரித்து, அடுத்த வாரம் இதே நேரம் என்று சொல்லும்வரை இருவரும் அசையவில்லை.

காலையில் வாசலில் டாக்ஸி. கூட்டிப்போக வந்த மகள் அவசரப்படுத்த, தனாகா டெக்கைத் தூக்கிவந்து என் கையில் வைத்தார். நல்ல பாரம். இனி ஞாயிறு பின்னேரச் சத்தம் சுவருக்கு என் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். காருக்குள் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, அந்த அறிவிப்பாளரைப் போலவே கைகளை விரித்தார்.

"அடுத்த வாரம், இதே நேரம்!"

"ஓம்," என்றேன் தமிழிலேயே. "போட்டு வாங்கோ."