பின்கழுத்தில் ஒரு புள்ளி

"இந்தப் படங்களுக்கு உட்கார்ந்த அம்மா இப்போ உயிரோட இருக்காங்களா?"

ஓவியக் கண்காட்சிக்கு வந்த ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வராதா? அந்த அம்மா என் மனைவி. பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, புதுச் செருப்பு கடிக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் தோல் டாக்டர். அவங்க கழுத்தை இப்பவே பார்க்கணும்" என்றாள்.

அவள் எதைக் கண்டாள் என்று சொல்வதற்கு முன்னால் என் மைத்துனனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் தம்பி. பஸ் பட்டறையில் பெயிண்டர். பக்கத்தில் வந்தாலே பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசம் அடிக்கும், அதனால் பட்டறையில் அவன் பெயரே தின்னர்தான். படம் வரைய யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கழற்றிப் போட்ட பஸ் தகடுகளைத் தேய்த்து, மீந்த பெயிண்டில் ஆட்களை வரைவான். முகம் மட்டும் அவனுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. பட்டறை மேலாளரை ஒரு தடவை வரைந்து கொடுத்தான். "இது செத்துப்போன எங்க பெரியப்பாய்யா" என்று மனுஷன் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம்தான் அக்காவை வரைந்தான். அவள் தையல்காரி. மிஷின் ஜன்னலைப் பார்த்து இருக்கும். வாசலில் நின்றால் அவள் முதுகுதான் தெரியும். தூக்கிச் செருகிய கொண்டை, தோளில் தொங்கும் அளவு டேப், பின்கழுத்தில் கடுகளவு மச்சம். வாசலில் நின்றபடியே வரைந்தான். அன்றிலிருந்து அவனுக்கு முதுகுதான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முதுகு, மழையைப் பார்க்கும் முதுகு, ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு முதுகு. அத்தனையும் என் மனைவியின் முதுகு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை மிஷின் முன்னால் உட்கார வைத்துவிடுவான். மழையும் பெஞ்சும் பிறகு சேர்த்துக்கொள்வது. ஒரு காலண்டர் கம்பெனி அவற்றை அச்சடித்தது. அப்புறம் சலூன், லாட்ஜ், கிளினிக், எங்கே போனாலும் சுவரில் என் மனைவி. நான் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிறவன். என் கடைக்கு வரும் பெண்கள், "என்னையே பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்குங்க" என்பார்கள். முகம் இல்லாததால் ஆளாளுக்குத் தன் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனிக்காரர் ஆரம்பத்திலேயே, "அந்த மச்சத்தை எடுத்துடுங்க, அச்சுல அழுக்கு மாதிரி தெரியுது" என்றார். இவன் மசியவில்லை. "இருக்கிறதைத்தான் போடுவேன்." கடைசியில் அந்த மச்சம்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. கல்லூரிப் பெண்கள் கண்மையால் பின்கழுத்தில் புள்ளி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். "உங்க மைத்துனனுக்கு உடம்பெல்லாம் மச்சம்யா" என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை.

படித்தவர்கள் மட்டும் அவனை மதிக்கவில்லை. ஒரு விமர்சகர், 'நகலெடுக்கும் இயந்திரத்துக்குக் கைகால் முளைத்திருக்கிறது' என்று எழுதினார். தின்னர் அந்தப் பத்திரிகையில் பிரஷைத் துடைத்தான். துடைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெகு காலம் கழித்து ஒருவர் மட்டும் மெச்சி எழுதினார்: 'வருடத்துக்கு வருடம் அந்தப் புள்ளி பெரிதாகிறது, ஓவியனின் தனிமை வளர்கிறது.' அதை நான் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் படம் வரைந்து இருபத்திரண்டு வருடம் கழித்து அரசாங்கக் கலைக்கூடம் இறங்கி வந்தது. படங்களை வருட வரிசையில் மாட்டச் சொன்னார்கள். அதுவரை அவை ஒரே சுவரில் சேர்ந்து நின்றதே இல்லை. நானே மாட்டினேன். ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்து, நூல் பிடித்து ஆணியடித்தேன். கழுத்தெல்லாம் ஒரே மட்டத்தில் வந்தது. "கோணல் இல்லாம நிக்குது பாரு மாப்ளே" என்று அவனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஆணியைப் பார்த்தேன், மட்டத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

டாக்டர் அந்தச் சுவரோரமாக முதல் படத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள். என்னையும் அப்படியே நடத்திக் காட்டினாள். "இங்க உருண்டையா இருக்கு. இதுல ஓரம் கோணலாகுது. இங்க ரெண்டு நிறம். இது வெறும் மச்சமா இருக்கும்னு எனக்குத் தோணலைங்க." ஒரு வருடமாகவே கழுத்து அரிக்கிறது என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அளவு டேப்பில் ரத்தக்கறை. "டேப் உராயுது, பவுடர் போட்டுக்கோ" என்று சொன்னவன் நான்தான்.

விழாவுக்காக அவள் அன்றைக்குக் கொண்டை போடாமல் பின்னல் போட்டிருந்தாள். டாக்டர் பின்னலை விலக்கி, போன் வெளிச்சத்தில் பார்த்தாள். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. தள்ளிப்போடாதீங்க" என்றாள். சுற்றிலும் ஆட்கள் படங்களைப் பார்த்து ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்பலருந்து மாற ஆரம்பிச்சது?" என்று கேட்டார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவன் நான், தின்னரைத் திரும்பிப் பார்த்தேன்.

தின்னர் மெதுவாகச் சொன்னான். "நாலு வருஷம் முன்னாடி. மழை படம் வரைஞ்சப்போ. அதுவரைக்கும் மச்சத்துக்குப் பழுப்பும் கருப்பும் போதும். அந்த வருஷந்தான் கொஞ்சம் நீலம் சேர்க்க வேண்டியிருந்துச்சு. போன வருஷம் ஓரத்துல சிவப்பு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நிறம் மட்டுந்தான் சார் தெரிஞ்சுது."

நான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "கண்ணு என்னடா பிடரியிலயா இருக்கு உனக்கு? வாரா வாரம் பார்த்தியேடா!"

அவன் கையைத் தட்டிவிடவில்லை. "நீங்க, மாமா?" என்றான். அவ்வளவுதான். சட்டையை விட்டுவிட்டேன். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தோல் புற்றுநோய் என்றார்கள், அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குள் அது உள்ளே பரவியிருந்தது. பதினொரு மாதம் இருந்தாள். அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி ஒன்பது படங்களைக் கேட்டு வாங்கி வகுப்பறையில் மாட்டியது. மாணவர்கள் அவற்றை வரிசையாகப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்களாம். தின்னர் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. பிரஷையும் தொடவில்லை.

கண்மூடுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனைக் கட்டிலோரம் கூப்பிட்டாள். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஏன்டா, என் பின்கழுத்த நான் எங்கடா பார்த்தேன்? உன் படத்துலதான் பார்த்துக்கிட்டேன். வருஷா வருஷம் பெருசாயிட்டே போனது எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சே?"

அவன் நிமிர்ந்தான்.

"தெரிஞ்சுதாக்கா? ஏன்க்கா கேக்கல?"

"தம்பி பெரிய ஓவியனாயிட்டான், அழகுக்காகக் கூட்டி வரையறான்னு நெனைச்சேன். பெருமையா இருந்துச்சுடா. அதைப் போய் என்னன்னு கேக்கறது?"

தின்னர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"இல்லக்கா" என்றான். "எனக்குக் கூட்டி வரையத் தெரியாதுக்கா."