ராக்கம்மாவுக்குக் கொண்டுபோன கோழி

தெல்தோட்டை மலைகளையே பிரசவம் பார்த்து வெளியே எடுத்தவள் மருத்துவச்சி ராக்கம்மா என்பார்கள். அவளை வெறுங்கையோடு கூப்பிடுவது வழக்கமில்லை. கோழி கொடுக்க வேண்டும். வீட்டில் அங்கம்மா காலையிலிருந்து வலியில் துடிக்கிறாள். கோழியில்லாத புருஷன் இருளப்பன், வழியில் தேயிலைக்குள் மேய்ந்த பெட்டையை அமுக்கிக்கொண்டு மழையில் ஓடினான்.

"சீக்கிரம் வாங்கக்கா! இந்தாங்க, நானே வளர்த்த கோழி."

ராக்கம்மா கோழியின் காலில் அப்பியிருந்த சேற்றை வழித்தாள். உள்ளே, யாரோ அடையாளத்துக்குக் கட்டிவிட்ட பச்சைத் துணி முடிச்சு. பொய் பிடிபட்டுவிட்டது என்று இருளப்பனுக்குப் புரிந்தது. இவள் வராவிட்டால் அங்கம்மாவின் கதி?

"நான் கட்டுன முடிச்சுடா இது! கூலிக்கு ஒண்ணு, களவுக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு கோழி கொண்டா. இப்ப முன்னால ஓடி வெந்நி வையி!"