எட்டுக் கட்டத்தில் நத்தைக் குழம்பு

மேலிருந்து கீழ், மூன்றாவது கேள்வி: "பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பூண்டும் சேர்த்துச் சமைத்து விருந்தில் பரிமாறுவது. மூன்று எழுத்து."

உத்திரமேரூர் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் அந்த வாரத்து இதழ். குறுக்கெழுத்துக்கு 'உலகின் பாரம்பரிய உணவுகள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கினால் நூலகர் தொலைத்துக்கட்டிவிடுவார் என்பதால், கட்டங்களை நோட்டில் வரைந்துகொண்டு நிரப்புவது என் வழக்கம். முதல் எழுத்து 'ந' என்று ஏற்கெனவே விழுந்திருந்தது. நண்டு என்று போட்டேன். இடித்தது. இரண்டாவது கட்டத்தில் 'த்' வர வேண்டும்.

நத்தை.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். எல்லோருக்கும் விடை கிடைத்தால் சந்தோஷம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று சொல்ல, ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும். சரிவிகித உணவு என்று ஒரு பாடம். நேற்று ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொன்னார் டீச்சர். சாம்பார், ரசம், கீரை, முட்டை என்று வந்தது. என் முறை வந்ததும் "நத்தைக் குழம்பு டீச்சர்" என்றேன். மறைக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. வகுப்பு முழுக்க "உவ்வே" என்றது. என் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். டீச்சரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சரி சரி, உட்காரு" என்றார். அந்த வருடம் முழுக்க வகுப்பில் என் பெயர் நத்தை.

அம்மா கூலிக்கு நடவும் களையும் போகிறவள். மழை பெய்து ஓய்ந்தால் வரப்போரத்தில் நத்தை ஊர்ந்து வரும். வேலை முடிந்து வரும்போது மடி நிறையப் பொறுக்கி வருவாள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் அவித்து, ஊக்கால் ஒவ்வொன்றாகக் கறியை இழுத்து எடுப்பாள். உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து ஐந்து தண்ணீர் கழுவி, மிளகும் தனியாவும் அம்மியில் அரைத்துக் குழம்பு வைப்பாள். அவளுக்கு அதைவிடப் பிடித்த சாப்பாடு உலகத்தில் கிடையாது. நைனா இருந்தவரை அவருக்கும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த நான், அடுப்பிலிருந்த சட்டியைப் பார்த்து, "இனிமே இந்தக் கருமத்த நம்ம வூட்டுல ஆக்காத. ஆக்குனா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன்" என்று கத்தினேன். அம்மா சட்டியை அப்படியே துணி சுற்றி எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு சரி. அதற்கப்புறம் எங்கள் சாப்பாட்டுக்கென்று அடுப்பில் நத்தை ஏறவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூல வியாதிக்கு நத்தைக் கறி நல்லது என்பார்கள். ஊருக்குள் இருக்கிற பெரிய வீடுகளிலிருந்து ஆள் வரும். அம்மா எங்கள் வீட்டுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அவர்களுக்காக அவித்துச் சுத்தம் செய்து தூக்குவாளியில் போட்டுக் கொடுப்பாள். மருந்தென்றால் அவர்களுக்கு அருவருப்பு இல்லை. எங்களுக்குச் சாப்பாடு என்றால்தான் மூக்கைப் பிடிப்பார்கள்.

அந்த அம்மாவை வாயடைக்க வைத்தவள் நான். அது என் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. இப்போது, பிளஸ் டூ முடித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற வயதில், பிரான்சுக்காரன் விருந்தில் வைக்கிறான் என்று அச்சில் வந்திருக்கிறது. யாரும் உவ்வே என்று சொல்லவில்லை. சரி, அப்படியானால் அதே பத்திரிகையில், அதே தலைப்பில், என் அம்மாவின் குழம்பும் வர வேண்டும். அதை அவளிடம் காட்டி, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். நூலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

வாசகர்கள் தயாரிக்கும் புதிர்களையும் அந்த இதழ் போடும். வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், சுயவிலாசமிட்ட உறை வைக்க வேண்டும். நிரப்புவது வேறு, தயாரிப்பது வேறு என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பெயர்கள் நம் எழுத்துகளோடு லேசில் கை கோக்காது. நூலகத்தில் இருந்த பொது அறிவுப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்த்த எங்கள் தெரு அண்ணன் ஒருவன், அங்கே வரும் கொரியாக்காரர்கள் கிம்ச்சி இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார்கள் என்றான்.

"இன்னாண்ணா அது?"

"முட்டகோச புளிக்க வெச்சி காரம் போட்டது. மூடியத் தொறந்தா அந்தப் பக்கமே போவ முடியாது. ஆனா அவனுங்க ஒருத்தன் மூஞ்சியும் சுளிக்க மாட்டான்."

உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நத்தைக்குழம்பு, எட்டுக் கட்டம். அதை நடுவில் குறுக்கே போட்டேன். அதன் 'த்' வழியாக இலங்கையின் கொத்து ரொட்டி கீழே இறங்கியது. 'க்' வழியாக மெக்ஸிகோவின் டாக்கோ. 'ம்' வழியாகக் கிம்ச்சி. மற்றவை எல்லாம் இந்த மூன்றிலிருந்து கிளை பிரிந்தன. நத்தைக் குழம்பைப் பிடுங்கினால் மொத்தப் புதிரும் சரிந்துவிடும். அப்படித்தான் கட்டினேன், வேண்டுமென்றே. யாராவது பிடுங்கப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடை முதலாளி பாய் நல்ல மனிதர். கட்டம் அடித்து அடித்து நான் வீணாக்கிய தாளுக்கு அளவில்லை. "இன்னாம்மா, ஆஃபீஸ் வேலையா செஞ்சிக்கினு கீறே? தாளு எல்லாம் உன் கட்டத்துக்கே போவுது, பேஜாரா கீது" என்பார். அடுத்த நாள் பழைய தாள்களை அடுக்கி என் மேஜையில் வைத்திருப்பார்.

இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை பிரசுரமானது. என் பெயர், ஊர் உத்திரமேரூர். பாய் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் இதழை நீட்டினார். நான் பிடுங்கிப் பார்த்தேன். குறுக்கே, நடுவில், எட்டுக் கட்டம் அப்படியே இருந்தது. கேள்வி மட்டும் என்னுடையது இல்லை. "சுண்டைக்காய் வற்றல் போட்டு வைக்கும் புளிக்குழம்பு."

வத்தக்குழம்பு! முதல் கட்டத்தையும் மூன்றாவது கட்டத்தையும் மட்டும் மாற்றினால் போதும். நான் கொக்கி போட்டிருந்த மூன்று இடத்தையும் தொடாமல், என் அம்மாவின் சட்டியை இறக்கிவிட்டு யார் வீட்டுச் சட்டியையோ ஏற்றி வைத்துவிட்டார்கள். நான் வைத்து அனுப்பிய சுயவிலாச உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. "நத்தை என்பது வாசகர்களுக்கு அருவருப்பாக இருக்கும் என்பதால் சிறு மாற்றம், தொடர்ந்து எழுதுங்கள்."

பாய் மிட்டாய் வாங்கக் கிளம்பினார். "வேணாம் பாய், வந்தது என்னுது இல்ல" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

அம்மாவிடம் அந்த இதழைக் காட்டவே இல்லை. வத்தக்குழம்பைக் காட்டி என்ன சொல்வது?

மறுபடி உட்கார்ந்தேன். என் தப்பு எங்கே என்று இப்போது தெரிந்திருந்தது. அவர்கள் மாற்றிய இரண்டு கட்டத்தில்தான் கொக்கி போட வேண்டும். 'ந' சுலபம். சிங்கப்பூரில் மிளகாய் போட்டு ஆக்குகிற நண்டு கீழே இறங்கியது. 'தை' தான் உயிரை வாங்கியது. சாப்பாட்டுப் பெயரில் 'தை' எங்கே வருகிறது? ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போதும் யோசித்தேன், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டும் யோசித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. விடை முதல் நாளே என் கையில் கொடுக்கப்பட்டிருந்தது என்று புரிந்தபோது என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

பிரான்சின் நத்தை. மேலிருந்து கீழே இறங்கி என் அம்மாவின் குழம்பில் 'தை' என்று முடியும். அதற்கு நான் கேள்விகூட எழுதவில்லை. அவர்கள் இதழில் அவர்களே போட்ட கேள்வியை எழுத்து மாறாமல் எடுத்து வைத்தேன், எந்த வாரத்து இதழ் என்ற குறிப்போடு. இனி என் நத்தையைத் தூக்க வேண்டுமானால் பிரெஞ்சுக்காரன் நத்தையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். கூடவே ஒரு கடிதம். "பிரான்சு நத்தை அருவருப்பு இல்லை என்றால், உத்திரமேரூர் நத்தை எப்படி அருவருப்பு என்று விளக்கி எழுதுங்கள். விளக்கம் வரும்வரை மாதா மாதம் இதே புதிரை அனுப்புவேன்."

அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த மாதம் அனுப்பினேன். அதற்கடுத்த மாதமும். தபால்காரர் கேலி செய்ய ஆரம்பித்தார். ஆறாவது முறை அனுப்பியபோது பாய், "வுட்றாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் புதிர் அச்சில் வந்தது. குறுக்கே, நடுவில், என் கேள்வி, என் வார்த்தையிலேயே: "மழைக்குப் பின் வயலில் கிடைப்பதை, மிளகு அரைத்து வைக்கும் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாரம்பரியக் குழம்பு." அடுத்த வாரம் விடை வரும்வரை பொறுத்திருந்து, இரண்டு இதழையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கட்டத்தைத் தொட்டுக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கொரியா, சிங்கப்பூர், பிரான்சு என்று எல்லா ஊரையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த பிரான்சுக்காரன் இன்னா போட்டு ஆக்குவான்?"

"வெண்ண, பூண்டு."

"மொளகு?"

"அதுல போடல."

"அப்ப கவுச்சி அடிக்குமே" என்றாள், உண்மையாகவே கவலைப்பட்டு.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா. உலகமே ஒத்துக்கினு கீது பாரு. ஊருக்குப் பயந்துக்கினு நீ இனிமே ஆக்காம இருக்க வேணாம்."

அம்மா இதழை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"ஊருக்கு நான் எப்ப பயந்தேன்? ஊரு சொன்னது எனுக்கு ஒறைக்கவே இல்ல. நீ சொன்ன. அதான் வுட்டுட்டேன்" என்றாள். "இதுக்கா இத்தினி மாசம் கட்டம் போட்டுக்கினு கெடந்த? 'ஆக்கும்மா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆக்கிப் போட்டிருப்பேனே."

அத்தனை நாட்டுச் சாப்பாட்டையும் தேடிய எனக்கு, அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் கத்திய அன்று வாயை மூடியவள் அம்மா மட்டும் இல்லை, நானும்தான்.

"ஆக்கும்மா" என்றேன்.

"சித்திரையில நத்தைக்கு எங்க போறது? மய பேயட்டும்."

மழை ஆடியில் பெய்தது. மறுநாள் காலை அவித்த நத்தைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வழக்கம்போல் வீட்டுப் பின்பக்கம் நடந்தாள். நான் சட்டியை வாங்கி, தெருவாசலில் கொண்டுவந்து வைத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்து, முந்தானையிலிருந்து இன்னொரு ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "அக்கா, இன்னா அது?" என்று கேட்டாள்.

"நத்தை. எங்க வூட்ல இன்னிக்கி நத்தகொயம்பு" என்றேன், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.