பொத்தானுக்குள் அடங்காத வார்த்தை

கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அந்த அம்மாள். கன்னத்தில் பற்பசை ஒரு கோடு போட்டிருக்கிறது. மூக்கு நுனியில் ஒரு பொட்டு. வலது கை சும்மா இடுப்பில் இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. “ஒண்ணுமே தெரியாத கை எப்படித் தடுமாறும்னு தினமும் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்திக்கணும்” என்பது அவர் கட்சி. முதலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் தேய்த்தார். போகப் போக இடது கை வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது. “துரோகி! வலது கையை விட நல்லாத் தேய்க்குது” என்று அதைத் திட்டிவிட்டு, இப்போது கண்ணையும் மூடிக்கொள்கிறார்.

கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இதுதான் அவர் தொழில். கைபேசிச் செயலிகளை வடிவமைப்பவர் அவர். திரையில் எங்கே தொட்டால் என்ன திறக்க வேண்டும், எந்தப் பொத்தான் எந்த நிறம், அதன்மேல் என்ன வார்த்தை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இப்போது கையில் இருப்பது புதிதாக ஒரு பொழுதுபோக்கில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கான செயலி. படம் வரையலாம், களிமண்ணில் கிண்ணம் செய்யலாம், தொட்டியில் செடி வளர்க்கலாம், மவுத் ஆர்கன் ஊதலாம். எதுவுமே தெரியாதவர்களைக் கைபிடித்து முதல் அடி வைக்கச் சொல்லிக் கொடுக்கும். அலுவலகத்தில் அவருக்கு ‘ஆரம்பம் மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவரே அதைச் சொல்லித்தான் தொலைபேசியில் பேசுகிறார்.

தான் செய்து பார்க்காத எதையும் செயலிக்குள் விட மாட்டார். அதன் பலன் வீடெங்கும் கிடக்கிறது. கதவுக் கொக்கியில் பாதி பின்னிய கம்பளித் துண்டு, ஊசியோடு தொங்குகிறது. சாவி போட்டு வைக்கும் மண் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து யாரையோ ஒட்டுக் கேட்கிறது. சன்னல் ஓரம் வரிசையாகக் காகிதப் பறவைகள். ஒன்றுக்கும் தலை மடிக்கவில்லை. அதே கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருக்கும் நாத்தனார் வரும்போதெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணி, இந்த வீட்ல சமையலை மட்டும்தான் முடிக்கிறீங்க” என்பார். “நான் முடிக்கிற ஆள் இல்லம்மா, ஆரம்பிக்கிற ஆள்” என்று இவர் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவார்.

அவர் கணவரோ நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். ஏறினால் மேலே போய்ச் சேர வேண்டும், இறங்கினால் கீழே வந்து சேர வேண்டும். “நடுவுல நின்னா அதுக்கு எங்க தொழில்ல பழுதுன்னு பேரு” என்று தலை இல்லாத பறவைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அப்படிப்பட்டவரைத்தான் இந்த அம்மாள் சோதனைக்குப் பிடித்துப் போட்டிருக்கிறார். ஒரு தடவை செய்து பார்த்தபின் இவர் கற்றுக்குட்டி இல்லையே! அதனால் ஒவ்வொரு பாடத்தையும் கணவர் கைபேசியில் திறந்து கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, அவர் எங்கே விழிக்கிறார் என்று பார்ப்பார். மனிதர் வாயே திறக்காமல் வரைந்தார், பின்னினார், மண் பிசைந்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. மவுத் ஆர்கனில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எப்படி ஒட்டியது என்பது இருவருக்கும் புரியவில்லை. அந்தப் பாடத்தின் முதல் அடியை இந்த அம்மாள் ‘ஊத வேண்டாம், வாயில் வைத்து மூச்சு மட்டும் விடுங்கள்’ என்று எழுதியிருந்தார். அவர் மூச்சு விட்டார், சத்தம் வந்தது, பயந்து போய் மனைவியைப் பார்த்தார். அன்றிலிருந்து மனிதர் மாறிப் போனார். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டும் அவர் பராமரிப்பில்தான். சாயங்காலத்தில் அதை மேல்மாடிக்கு ஓட்டிப் போய், உள்ளே ஒரு முக்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். வீட்டில் வாசிக்கக் கூச்சம். லிஃப்டுக்குள் வாசித்தால் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு; ஆனால் லிஃப்ட் ஓடும் கூண்டின் வழியாகச் சத்தம் ஒவ்வொரு மாடிக் கதவிடுக்கிலும் கசியும். யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் போச்சு. லிஃப்ட் இறங்கி வந்து கதவு திறக்கும்போது, மவுத் ஆர்கன் சட்டைப் பைக்குள் போயிருக்கும். மனிதர் டார்ச்சும் கையுமாக ஏதோ ஒரு திருகாணியை முறைத்துக்கொண்டிருப்பார். அன்றைய வாசிப்பு அதோடு முடிந்தது.

அதில் அதிகம் குற்றவாளி மனைவிதான். அவருடைய முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முதல் மாடி நாத்தனார் வீட்டுக்குக்கூட லிஃப்டில்தான் போவார். “லிஃப்ட்காரர் பொண்டாட்டி படியேறினா அவருக்குத்தான் அவமானம்” என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

அலுவலகத்தில் அவர் போடும் சண்டையெல்லாம் வார்த்தைகளுக்காக. யாரோ ஒரு பொத்தானில் ‘தொடங்கு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். “யாரைங்க அதட்டுறோம்? நம்ம வீட்டுக்கு வந்தவங்களை ‘உட்காரு’ன்னா சொல்லுவோம்?” என்று கேட்டு ‘தொடங்கலாமா?’ என்று மாற்றினார். படம் வரையும் பாடத்தின் முதல் அடி ‘ஒரு தாளைக் கெடுங்கள்’. அதற்கு எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், அவர் அசையவில்லை. ஆனால் தமிழ் வார்த்தைகள் நீளமானவை, கைபேசிப் பொத்தான்கள் குட்டையானவை. கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் வெளியே தொங்கும். அதனால் சில இடங்களில் அர்த்தம் பார்க்காமல், அடங்குகிற வார்த்தையைப் போட்டு விட்டுவிடுவதும் உண்டு. எல்லாரும் செய்வதுதான். இவரும் செய்தார்.

மேலாளருக்கு ‘கிராஃப் சார்’ என்று பெயர். கோடு போட்டுக் காட்டாமல் அவருக்குப் பேச வராது. ஒரு கூட்டத்தில் சுவரில் கீழே சரியும் கோட்டைக் காட்டி, “மேடம், ஆரம்பிக்கிறாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா போனவங்க போனவங்கதான், திரும்பி எட்டிப் பார்க்கவே மாட்டேங்கறாங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள இந்தக் கோடு கொஞ்சமாவது தலை தூக்கலன்னா கடையைக் கட்டிட வேண்டியதுதான்” என்றார். இந்த அம்மாளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. வேறு செயலி கொடுப்பார்கள். ஆனால் இது அவர் பெற்ற பிள்ளை மாதிரி. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திரும்ப வைத்தார்.

வீட்டிலும் ஒன்று குறைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. கொஞ்ச நாளாக லிஃப்ட் கூண்டிலிருந்து சத்தமே வரவில்லை. பீரோவின் மேல் பார்த்தால், மவுத் ஆர்கன் பழைய கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறது. கணவர் சன்னலருகே தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இதை ஏன் மூட்டை கட்டிட்டீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. ஆஸ்பத்திரி லிஃப்ட் ரிப்பேர்னு ஒரு வாரம் அங்கேயே கிடந்தேன் பாரு, அப்போ வாசிக்க முடியல.”

“சரி, அது முடிஞ்சு போச்சே. அப்புறம்?”

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “அப்புறம் உன் ஆப்பைத் திறந்தேன். ‘தொடர் அறுந்தது’ன்னு சிவப்புல போட்டிருந்துது.”

தினமும் விடாமல் பழகுகிறவர்களுக்குத் திரையில் ஒரு சங்கிலி நீண்டுகொண்டே போகும். ஒரு நாள் விட்டால் உறைக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று கிராஃப் சார் கேட்டுக்கொண்டதற்காக எழுதிய வாசகம் அது. இரண்டே வார்த்தை. பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியது.

“என் தொழில்ல அந்த ஒரு வார்த்தை காதுல விழக் கூடாதுன்னுதாம்மா ஒவ்வொரு நாளும் லிஃப்டைத் தாங்குற கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ‘அறுந்தது’ன்னா எங்களுக்கு எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. கீழ பார்த்தா ‘வெளியேறு’ன்னு ஒரு பட்டன். சரி, போகச் சொல்றாங்கன்னு போயிட்டேன்.”

அந்த அம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தும் விட்டார். கணவரும் கூடவே சிரித்தார், ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, “அது ரெண்டும் நான் எழுதினதுங்க” என்றார் இவர்.

“தெரியும். அதனாலதான் சொல்லல.”

அவ்வளவுதான் பேச்சு. ‘தொடங்கு’ என்பதற்காக அலுவலகத்தையே இரண்டாக்கியவர், ‘வெளியேறு’ என்று எழுதியது தன் கைதான் என்பதை அன்று முழுவதும் ஜீரணிக்க முடியாமல் தவித்தார். வந்தவரை உபசரிக்கத் தெரிந்த தனக்கு, போகிறவரை வழியனுப்பத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கோடு ஏன் சரிகிறது என்பதற்கு இனி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளியே பிடித்துத் தள்ளியவன் வீட்டுக்கு எவன் திரும்பி வருவான்?

மறுநாள் கூட்ட அறைச் சுவரில் புதிய திரையைக் காட்டினார். ‘தொடர் அறுந்தது’ போயிருந்தது. ‘வெளியேறு’ இருந்த இடத்தில் ‘போயிட்டு வரேன்’ என்று இருந்தது. கடைசி ‘ன்’ பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“மேடம், இது பட்டனா, வாசல்ல நின்னு பேசுற பேச்சா?” என்றார் கிராஃப் சார்.

“காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சார் சொல்லிட்டு வந்தீங்க?”

“போயிட்டு வரேன்னு...”

“‘வெளியேறுறேன்’னு சொல்லிட்டு வந்திருந்தா?”

அறையே சிரித்தது. “சாயங்காலம் கதவைத் திறந்திருக்க மாட்டாங்க” என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் லேசில் விடவில்லை. எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார். “சின்னதாக்கினா முணுமுணுத்துட்டுப் போற மாதிரி இருக்கும் சார். பெட்டியைப் பெரிசாக்கலாம்” என்றார் இவர்.

“போற பட்டனைப் பெரிசாக்கினா எல்லாரும் போயிடுவாங்களே மேடம்!”

“போகட்டும் சார். வரேன்னு சொல்லிட்டுத்தானே போறாங்க.”

கிராஃப் சார் கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். “அடுத்த கூட்டம் வரைக்கும்” என்றார். அது போதும் என்று இவர் எழுந்துவிட்டார். அன்றே இன்னொரு திரையும் எழுதி முடித்தார். விட்டுப் போனவர் எத்தனை நாள் கழித்துத் திறந்தாலும் அதுதான் முதலில் வரும்: ‘வாங்க, வாங்க. நீங்க விட்ட இடம் அப்படியே இருக்கு.’

கணவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த மனிதர் மனைவிக்காக வாசிப்பார் என்று அவருக்குத் தெரியும். கடமைக்கு ஊதுகிற மவுத் ஆர்கன் யாருக்கு வேண்டும்? புதிய திரைகள் எல்லார் கைபேசிக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தன; அவர் கைபேசிக்கும் போயிருக்கும். அது மேசைமேல் கவிழ்ந்தே கிடந்தது. பீரோவின் மேல் கைக்குட்டை மூட்டை அசையவில்லை. பார்க்காத மாதிரி பார்த்துப் பார்த்து இவருக்குக் கழுத்து வலி கண்டது. பல் தேய்க்கக்கூட வலது கையை எடுத்துவிட்டார். தடுமாற்றத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள அப்போது அவருக்கு இடது கை தேவைப்படவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம், தோளில் கணினிப் பை, கையில் காய்கறிப் பை, வழக்கம்போல அலுத்துச் சலித்துக் கட்டடத்துக்குள் நுழைந்தார். கோடு கொஞ்சம் தலை தூக்கியிருந்தது. கிராஃப் சாருக்கு அது போதுமா போதாதா என்பது நாளைக்குத்தான் தெரியும். அதையே நினைத்துக்கொண்டு லிஃப்டின் முன்னால் வந்து நின்று, பொத்தானை நோக்கி விரலை நீட்டினார்.

மேலே, கூண்டின் உச்சியில், ஒரு மூச்சு சத்தமாக மாறியது. பிறகு இன்னொன்று. மூன்றாவது சுரத்தில் எப்போதும் இடறுகிற இடத்தில் இடறி, நின்று, திரும்பவும் முதலிலிருந்து வந்தது.

அவர் விரல் பொத்தானைத் தொடும் தூரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெல்ல அதை மடக்கிக்கொண்டார். குனிந்து செருப்பைக் கழற்றிக் காய்கறிப் பையோடு சேர்த்துப் பிடித்தார். மறு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றி, சத்தம் வராமல், முதல் படியில் காலை வைத்தார்.