உருவிவிட்ட கால்

முதலில் வந்தது இடது கெண்டைக்காலில் ஓர் இறுக்கம். ஒக்லாந்திலிருந்து பறந்து தோக்கியோவில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்தின் முடிவில்லாத நடைபாதையில் நடந்தபோது அதைக் கவனித்தேன். குதிக்கால் நிலத்தில் படும்போதெல்லாம் உள்ளே யாரோ கயிறு முறுக்குவதுபோல இருந்தது. நீண்ட பயணத்துக்குப் பிறகு உங்களுக்கும் ஒரு கால் மட்டும் இப்படி நோகிறதென்றால், இதற்கு மேல் வாசிப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

நான் போகவில்லை. விமானத்தில் கோணலாக இருந்ததால் வந்த பிடிப்பு என்று நினைத்தேன். யன்னலோர இருக்கை வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கியவள் நான். பக்கத்தில் மகளும் அதற்கப்பால் கணவரும் நல்ல நித்திரை. அவர்களை எழுப்பிக் கழிவறைக்குப் போக மனமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். ஒக்லாந்திலிருந்து தோக்கியோ வரை, சாப்பாட்டுத் தட்டை வாங்கவும் கொடுக்கவும் தவிர, நான் அசையவே இல்லை.

ஒரே இடத்தில் இருப்பது எனக்குப் புதிதல்ல. ஒக்லாந்தின் ஒரு மூலையில், மாசி என்ற பகுதியில் வீடு, மறு மூலையில், விரியில் வேலை. மோட்டர்வேயில் ஊர்ந்து போய், ஒரு பண்டகசாலையின் கணினி முன் இருந்து லொறிகளுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு, திரும்பவும் ஊர்ந்து வீடு வருவேன். கணவர் சிவநேசன் பஸ் ஓட்டுகிறார். மகள் அபிக்குப் பதினைந்து வயது. “சிட்டிங் ஃபமிலி” என்று எங்களுக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, ஜப்பானிய மொழியை மட்டும் கண்ணாடிக்கு முன் நின்று பேசிப் பழகுவாள். ஹக்கோனேயில் புகை கக்கும் மலைக்கு மேலாகக் கேபிள் காரில் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகத்தான் அந்தப் பயணம்.

அன்று மாலை மலையடிவாரத்து ஹொட்டேல் அறையில் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோது முனகிவிட்டேன். இவர் உடனே பெட்டியைத் திறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது இரண்டு பொருள்கள்: ஒன்று மிளகாய்த்தூள், மற்றது நோவெண்ணெய். சுளுக்கு, நாரிப்பிடிப்பு, விழுந்த நோ எல்லாவற்றுக்கும் பூசுகிற மூலிகை எண்ணெய் அது. கடவுச்சீட்டை மறந்தாலும் இவர் அதை மறக்கமாட்டார்.

“நரம்பு பிரண்டிருக்கு. காலைத் தாரும், உருவி விடுறன்” என்றார்.

தேநீர்க் கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் போத்தலை வைத்து எண்ணெயைச் சூடாக்கினார். கணுக்காலில் பெருவிரல்களை ஊன்றி முழங்கால்வரை அழுத்தி அழுத்தி உருவினார். நான் பல்லைக் கடித்தேன். “நோகட்டும். நொந்தால்தான் விடும்” என்றார். எங்களுக்குள் கொஞ்சல் பேச்சுகள் இருந்ததில்லை. தலையிடித்தால் தலையைப் பிடித்துவிடுவார், கால் நொந்தால் உருவிவிடுவார். இத்தனை வருடக் கலியாண வாழ்க்கையில் அவருக்கு என்மேல் இருந்த அன்பெல்லாம் கையால்தான் வந்தது. அன்றும் வந்தது. எனக்குச் சுகமாகவே இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

காலையில் நோ பாதிக்குமேல் குறைந்திருந்தது. “பாத்தீரோ” என்று இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கேபிள் காரில் எங்களோடு ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி ஏறினார்கள். அபி அவர்களுக்கு வணக்கம் சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கீழே மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறியிருந்தன. ஒரு முகட்டைத் தாண்டியதும் நிலம் சட்டென்று கீழே விழுந்தது. அடியில் பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள் படிந்த கற்கள், ஆங்காங்கே வெள்ளைப் புகை. கந்தக நாற்றம் கண்ணாடிக்குள்ளும் வந்தது. எதிரே ஃபூஜி மலை முகில் இல்லாமல் முழுசாக நின்றது. “அம்மா, லுக்” என்றாள் அபி.

பார்க்கத் திரும்பினேன். மூச்சு வரவில்லை.

இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. மூச்சை இழுத்தேன், காற்று உள்ளே போனது. ஆனால் போனது எதற்கும் உதவவில்லை. இன்னும் வேகமாக இழுத்தேன். வலது விலாவுக்குள் கத்தி ஏறியது. நெஞ்சு கண்டபடி அடித்தது.

“என்ன செய்யுது உமக்கு?”

“மணம்... ஒத்துக்கொள்ளேல்லை” என்றேன். சுவாச நோய் உள்ளவர்கள் கந்தகப் புகையில் கவனமாக இருக்கவேண்டும் என்ற அறிவித்தலை ஏறும்போது பார்த்திருந்தோம். அதனால் மூன்று பேரும் அதை நம்பினோம். இவர் கைலேஞ்சியை நனைத்து என் மூக்கில் வைத்தார். அது இருந்த காற்றையும் மறைத்தது. நான் தட்டிவிட்டேன். கண் இருண்டுகொண்டு வந்தது. சரிந்தபோது என் தலை அந்த ஜப்பானிய அம்மாவின் மடியில்தான் விழுந்தது.

கேபிள் கார் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் முடியாது, வேகமாக்கவும் முடியாது. இவர் கதவை இரண்டு கையாலும் அடித்தது கேட்டது. கீழே நிலமே இல்லாத இடத்தில் கதவைத் திறந்து என்ன செய்ய நினைத்தார் என்று அவருக்கே தெரியாது. நான் சாகப்போகிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயத்தைவிட அதிர்ச்சிதான் பெரிதாக இருந்தது. இப்படியா, இங்கேயா, பிள்ளைக்கு முன்னாலா என்று.

மேல் நிலையத்தில் ஊழியர்கள் தயாராக நின்றார்கள். அந்த முதியவர் கேபிள் காரிலிருந்தே யாருக்கோ அறிவித்திருக்கிறார். அந்தத் தம்பதியை நாங்கள் பிறகு காணவில்லை.

வைத்தியசாலையில் ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். நரம்பில் சாயமருந்து ஏற்றி சி.டி. ஸ்கான் (உறுப்புகளைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் கதிர்ப்படம்) எடுத்தார்கள். இளம் வைத்தியர் ஒருவர் வந்து அபியிடம் மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினார். தெரியாத சொற்களுக்குத் தொலைபேசியில் பொருள் பார்த்தாள் அவள். பிறகு என்னிடம் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது. அவளுக்கு வாயில் தமிழ் வந்தது.

“அம்மா, உங்கட காலிலை இருந்த ரத்தக் கட்டி லங்ஸுக்குப் போயிட்டுதாம். ரெண்டு பக்கமும்.”

இதற்குப் பெயர் பல்மனரி எம்போலிசம் (காலில் உறைந்த இரத்தம் பிய்ந்து, இதயத்தின் வழியாகப் போய் நுரையீரல் குழாய்களை அடைப்பது). காலில் வந்த பிடிப்பு பிடிப்பே இல்லை. அது ஆழ்நாளக் குருதியுறைவு (தசைக்குள் ஆழத்தில் ஓடும் நாளத்தில் இரத்தம் கட்டியாவது). அடைப்பைத் தள்ளி இரத்தத்தைப் பாய்ச்சப் பார்த்து என் இதயத்தின் வலது பக்கமும் களைத்துப்போயிருந்தது.

வைத்தியர் போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் நாடாவால் அளந்தார். இடது கால் பருத்திருந்தது. குனிந்தவர் சற்று நின்றார். நோவெண்ணெய் மணம் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். அபியிடம் ஏதோ கேட்டார். அவள் தகப்பனைக் காட்டி, கைகளால் உருவுவதுபோலச் செய்து காட்டினாள். ஒரு கெட்டிக்காரத்தனமும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி. வைத்தியர் இவரைப் பார்த்தார். பிறகு அபியிடம் சுருக்கமாக ஒன்று சொன்னார்.

“என்னவாம்?” என்று கேட்டார் இவர்.

“நத்திங் அப்பா.”

இவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு இரண்டையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

விமானத்தில் ஏறலாம் என்று வைத்தியர்கள் சொல்லும்வரை ஜப்பானிலேயே இருந்தோம். ஒக்லாந்துக்கு வந்த பிறகுதான் நோய் தொடங்கியதுபோல இருந்தது. குளித்தால் களைப்பு, மெதுவாக ஒரு வசனம் கதைத்தாலும் களைப்பு. குருதியுறை தடுப்பு மாத்திரை (புதிதாக இரத்தம் கட்டாமல் பார்க்கும் மருந்து) கட்டியைக் கரைக்காது என்று அறிந்தபோது திகைத்துப்போனேன். மருந்து காவல்தான் நிற்குமாம், கரைக்கிற வேலையை உடம்பே மெல்ல மெல்லச் செய்யுமாம். இந்த நோய் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மாதங்களில் சுகமாகவில்லையே என்று உங்களையே திட்டாதீர்கள்.

இவர் எல்லாம் செய்தார். சமைத்தார், வீடு கூட்டினார், மாத்திரை நேரம் தவறவிடவில்லை. ஆனால் மாத்திரையை என் கையில் தரமாட்டார், மேசையில் வைப்பார். படிக்கட்டில் நான் தடுமாறினால் அபியைக் கூப்பிடுவார். கட்டிலின் ஓரத்தில் பலகைபோலப் படுத்தார். மருந்தால் எனக்குச் சும்மா தொட்டாலும் கண்டிப்போகும் (தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கறுக்கும்), அதற்காகத்தான் விலகி நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், கோயிலில் பழக்கமான ராணி அக்கா பார்க்க வந்தார். வாழைப்பழம், விபூதி, அவற்றோடு பையிலிருந்து ஒரு புதுப் போத்தல் நோவெண்ணெய்.

“குளிசை ஒரு பக்கம் கிடக்கட்டும், பிள்ளை. காலைத் தாரும், ஒருக்கா நல்லா உருவி விடுறன்.”

நான் மறுப்பதற்குள் என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துவிட்டார். தேநீரோடு வந்த இவர் வாசலிலேயே நின்றார்.

“தொடாதேங்கோ.”

வீடே அதிர்ந்தது. பஸ்ஸில் குடிகாரன் ஏசினாலும் குரல் உயர்த்தாத மனிதர். ராணி அக்கா கையை எடுத்துவிட்டார்.

“நான் உருவினதாலைதான் இவவுக்கு உது வந்தது. நான்தான் இவவைக் கொல்லப் பாத்தனான்” என்றார். தேநீர் தட்டில் சிந்தி, தரையிலும் வழிந்தது.

ராணி அக்கா போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அவர் போன பிறகு நான் கேட்டேன், “இவ்வளவு நாளும் இதையோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?” இவர் குனிந்து தரையைத் துடைத்தார்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு இவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். இரத்தநோய் நிபுணர் சென்னையில் படித்த தமிழ்ப் பெண். புதிய ஸ்கான் நன்றாக இருந்தது. நுரையீரல் குழாய்கள் திறந்துவிட்டன, காலிலும் கட்டி இல்லை. நான் அழுதேன். இவர் அழவில்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு கேட்டார்.

“டொக்டர், நான் உருவினதாலையோ கட்டி மேலை போனது?”

அவருக்கு ‘உருவினது’ உடனே விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உண்மையச் சொல்லணும்னா, தெரியாதுங்க. கட்டி இருக்கிற காலைப் பிசையக் கூடாது, அது சரிதான். ஆனா நடந்தாலும் அது நகரலாம், சும்மா படுத்திருந்தாலும் நகரலாம். உங்க கையாலதான் நகர்ந்துச்சான்னு எந்த ஸ்கேனும் காட்டாது. இனிமேலும் காட்டாது.”

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லை எதிர்பார்த்து வந்தவருக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

“அப்ப, இனித் தொடலாமோ?”

“காலையா? இப்பக் கட்டி இல்லையே. தாராளமாத்...”

“கால் இல்லை டொக்டர். இவவை.”

வைத்தியர் என்னைப் பார்த்தார். இத்தனை மாதமும் என் நுரையீரலின் ஒவ்வொரு அங்குலத்தையும் படம் பிடித்துப் பார்த்தோம். என் பக்கத்திலேயே படுத்திருந்த மனிதர், தன் கை பட்டாலே நான் செத்துப்போவேன் என்று நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

“தொடுங்க” என்றார் அவர். “தொடணும்.”

அன்று மாலை சோபாவில் காலை நீட்டி இருந்தேன். இவர் மற்றப் பக்கம் இருந்து செய்தி பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நகர்த்தி, என் இடது கெண்டைக்காலில் வைத்தார்.

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகவே வந்தது, நெருப்புப் பட்டதுபோல. நெஞ்சு அந்தக் கேபிள் காரில் அடித்ததுபோல அடித்தது. இத்தனை நாளும் பயந்தவர் அவர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் உடம்பு எனக்குச் சொல்லாமலே அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்திருக்கிறது. இவர் கையை எடுத்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன் என்பதுபோல இருந்தார்.

முன்பெல்லாம் உடம்பு என்பது நான் ஏறிப்போகும் வண்டி. இப்போது அது என்னோடு கூட வாழும் இன்னொரு ஆள், அதனிடம் கேட்டுத்தான் எதையும் செய்யவேண்டும். நேரமும் அப்படித்தான். மணிக்கொரு தடவை எழும்பி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், என் நாள் அந்தத் துண்டுகளாகத்தான் போகிறது. அந்த மாலை நான் என் காலிடம்தான் கேட்டேன். நேரம் எடுத்தது. பிறகு அதைத் திரும்ப நீட்டி, அவருடைய தொடையில் வைத்தேன்.

அவர் உருவவில்லை. உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்தார்.

செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. இவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நேரமாச்சு. எழும்பி நடவும்.”

“கொஞ்சம் பொறுங்கோ” என்றேன்.